மிசிசிப்பி நதிச் சாலையில் தன்னார்வலராகச் சேர: யாரைக் கேட்பது, என்ன காகிதம், எவ்வளவு செலவு, எந்த மாதம்

அமெரிக்காவின் மிசிசிப்பி நதிச் சாலை, அதாவது கிரேட் ரிவர் ரோடு, என்று ஒரு தனிச் சாலை கிடையாது. மின்னசோட்டாவின் இத்தாஸ்கா ஏரியில் மிசிசிப்பி பிறக்கும் இடத்திலிருந்து லூசியானாவில் கடலைத் தொடும் இடம் வரை, நதியின் இரு கரைகளையும் ஒட்டி, பத்து மாநிலங்களில் ஏற்கனவே இருக்கும் சாலைகளைக் கோத்து அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 3,000 மைல். வழி நெடுக, கப்பலின் சுக்கான் சக்கரம் வரைந்த பச்சை வெள்ளைப் பலகை இருக்கும். இந்தச் சாலையையும் அதிலிருந்து தெரியும் காட்சியையும் காப்பாற்றி வைத்திருப்பதில் பெரும்பங்கு சம்பளம் வாங்காத ஆட்களுடையது. மின்னியாபோலிஸ், செயின்ட் லூயிஸ், மெம்ஃபிஸ் என்று நதிக்கரை நகரங்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன. வார இறுதியில் அந்த வழியாகக் கார் ஓட்டிப்போய்ப் படம் எடுக்கிறோம், ஆனால் இதில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் நம்மில் குறைவு. மனமில்லாமல் இல்லை, எங்கே போய்க் கேட்பது என்று தெரியாததுதான் காரணம். நான் மின்னசோட்டாவில் இதற்காக அலைந்தபோது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது, அங்கே கேட்டால் அது கவுண்டியின் வேலை என்றார்கள், கவுண்டியில் கேட்டால் நகராட்சி என்றார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மின்னசோட்டா, விஸ்கான்சின் விவரங்கள்தான் இதில் அதிகம். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

1. நீங்கள் நிற்கும் இடம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விஸ்கான்சின் பக்கம் 35ஆம் எண் மாநில நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஸ்காட்டுக்குக் கீழே எங்காவது ஓரிடத்தில் காரை நிறுத்தி இறங்கினால், இடது பக்கம் மேலே எழும் குன்று பெரும்பாலும் தனியார் நிலம். நீங்கள் நிற்கும் சாலையும் அதன் ஓரப் புல்லும் மாநிலத்தின் கையில். வலது பக்கம் சில அடிகள் இறங்கினால் பி.என்.எஸ்.எஃப். ரயில் பாதை. தண்டவாளத்தைத் தாண்டினால் வரும் ஈரநிலம், பல இடங்களில், 1924இல் உருவாக்கப்பட்ட மேல் மிசிசிப்பி வனவிலங்குப் புகலிடத்தைச் சேர்ந்தது. அது மத்திய அரசின் கையில். ஒரு கல்லெறி தூரத்துக்குள் நான்கு உடைமையாளர்கள். இதில் ஒருவர் கொடுத்த அனுமதி இன்னொருவர் நிலத்தில் செல்லாது.

மின்னசோட்டா பக்கமும் அப்படித்தான். ரெட் விங்கிலிருந்து லா கிரெசென்ட் வரை இந்த வழி பெரும்பாலும் யு.எஸ். 61, அதைப் பார்த்துக்கொள்வது மாநிலப் போக்குவரத்துத் துறை. மின்னியாபோலிஸ் நகருக்குள் இதே வழி வெஸ்ட் ரிவர் பார்க்வே ஆகிவிடும், அது நகரப் பூங்கா வாரியத்தின் சாலை. வடக்கே போனால் பல துண்டுகள் கவுண்டிச் சாலைகள். ஆகவே "கிரேட் ரிவர் ரோடில் வேலை செய்ய வேண்டும்" என்று தொலைபேசியில் ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. "61ஆம் நெடுஞ்சாலையில் இந்த மைல் பலகையிலிருந்து இந்த மைல் பலகை வரை" என்று சொல்லுங்கள், உடனே பதில் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலான கவுண்டிகளின் இணையதளத்தில் நில உடைமை வரைபடம் இருக்கும், இலவசம். உங்கள் இடத்தைச் சொடுக்கினால் உடைமையாளர் பெயர் வரும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாப் படிவத்துக்கும் உதவும். சாலையோரம் நடப்பட்டிருக்கும் சிறிய மைல் எண் பலகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரையோ பெரிய மரத்தையோ அடையாளம் சொன்னால் போக்குவரத்துத் துறைக்குப் புரியாது.

ரயில் பாதை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருக்கும், அந்தப் பக்கம் குப்பை கிடப்பதும் கண்ணுக்குத் தெரியும், நாலு எட்டு வைத்துத் தாண்டினால் எடுத்துவிடலாம் என்று தோன்றும். தாண்டாதீர்கள். அது அத்துமீறல், அபராதம் உண்டு, அதைவிட முக்கியமாக அங்கே சரக்கு ரயில்கள் வேகமாக வரும், வளைவுகளில் சத்தம் தாமதமாகத்தான் கேட்கும். முறையான கடவுப்பாதை உள்ள இடங்களில், படகு இறக்கும் துறைகளில் மட்டும் கடந்து போங்கள். மின்னசோட்டா கரையில் சி.பி.கே.சி. ரயில் பாதை, அங்கேயும் இதே விதி.

2. எந்த வாசல் வழியாக நுழைவது

நான்கு வாசல்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கைவைக்க வேண்டாம்.

எளிதானது அடாப்ட்-எ-ஹைவே, அதாவது நெடுஞ்சாலையின் ஒரு துண்டைத் தத்தெடுத்துக் குப்பை அள்ளுவது. மின்னசோட்டாவில் ஒரு குழு சராசரியாக இரண்டு மைல் எடுத்துக்கொள்ளும், குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்புக்கொள்ள வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது சாலையின் இரு பக்கமும் சுத்தம் செய்ய வேண்டும். விஸ்கான்சினில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரையிலான காலத்தில் குறைந்தது மூன்று முறை. இரண்டிலும் கட்டணம் கிடையாது. நதி தெரியும் அழகான துண்டுகளை ஏற்கனவே யாராவது எடுத்திருப்பார்கள். அதற்காகக் காத்திருக்காமல் பக்கத்துத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், குப்பை அங்கேயும் அதே நதிக்குத்தான் போகிறது. கவுண்டிச் சாலை என்றால் கவுண்டியில் தனித் திட்டம் இருக்கும், மாநிலப் படிவத்தை அங்கே அனுப்பிப் பயனில்லை.

இரண்டாவது, நதியிலேயே இறங்கிச் சுத்தம் செய்யும் அமைப்புகள். சாட் ப்ரெக்ராக்கி 1998இல் தொடங்கிய லிவிங் லேண்ட்ஸ் அண்ட் வாட்டர்ஸ் இதில் பேர்போனது. இல்லினாயின் ஈஸ்ட் மோலினை மையமாகக் கொண்டு, பார்ஜ் படகுகளோடு நதி நெடுகப் போய், அந்தந்த ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டி, டயர், பீப்பாய் என்று அள்ளுகிறார்கள். மின்னசோட்டாவின் இரட்டை நகரங்களான மின்னியாபோலிஸ், செயின்ட் பாலில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த மிசிசிப்பி ரிவர் இருக்கிறது. இங்கெல்லாம் நீங்கள் எதையும் ஏற்பாடு செய்ய வேண்டாம், பெயர் பதிந்து போனால் போதும். முதல் முறை செய்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன், வேலை எப்படி நடக்கிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தேசியப் பூங்காத் துறையும், நதியின் கதையை வருகிறவர்களுக்குச் சொல்லும் விளக்க மையங்களும். மின்னியாபோலிஸ், செயின்ட் பால் வழியாக 72 மைல் நீளத்துக்கு நதியே ஒரு தேசியப் பூங்கா அலகு, 1988இல் அறிவித்தார்கள். அங்கே விதை சேகரிப்பு, அன்னியச் செடி அகற்றுதல், பள்ளிக் குழந்தைகளுக்கு உதவி என்று வேலைகள் வரும். மின்னசோட்டாவின் வபாஷாவில் உள்ள தேசியக் கழுகு மையம், அயோவாவின் டூபுக்கில் உள்ள மிசிசிப்பி நதி அருங்காட்சியகம் போன்றவையும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கின்றன.

நான்காவது வாசல்தான் சாலை என்ற முழு உருவத்தைப் பார்த்துக்கொள்கிறது: மிசிசிப்பி ரிவர் பார்க்வே கமிஷன். 1938இல் தொடங்கியது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கிளை, அவற்றைச் சேர்த்து ஒரு தேசிய அமைப்பு. விஸ்கான்சினில் சாலை போகும் எட்டு கவுண்டிகளிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள். மின்னசோட்டாவில் சட்டமன்ற உறுப்பினர்கள், அரசுத் துறைப் பிரதிநிதிகள், நதிக்கரைப் பகுதிகளின் பொதுமக்கள் என்று கலந்த அமைப்பு. உறுப்பினராவது உடனே நடக்காது, நியமனம் வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. ஆனால் கூட்டத்தில் போய் உட்கார நியமனம் எதற்கு? போய் உட்காருங்கள், அடுத்த கூட்டத்துக்கும் போங்கள், சிறிய வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சுக்கான் சக்கரப் பலகை காணாமல் போன திருப்பங்களைக் கணக்கெடுப்பது அப்படி ஒரு வேலை. இரு திசையிலும் ஓட்டிப்போய், மைல் எண்ணோடு எழுதி, படத்தோடு கொடுத்தால் அதற்கு உடனடிப் பயன் உண்டு. பலகையை நீங்களே நடக் கூடாது, அது சாலைத் துறையின் வேலை.

3. விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மேலே போங்கள்

எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 என்று இருப்பவர்களுக்கு இதில்தான் பயம். லாப நோக்கமற்ற அமைப்பிலோ அரசு அமைப்பிலோ, பொதுநலத்துக்காக, எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல் செய்யும் தன்னார்வ வேலை பொதுவாக வேலைவாய்ப்பு என்று கணக்கில் வராது. இதில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, கைம்மாறு இல்லாமல். இரண்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் பணியின் இடத்தில் நீங்கள் நிற்கக் கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் அன்போடு கிஃப்ட் கார்டு நீட்டுவார்கள், மையத்தின் இணையப் பக்கத்தை வாராவாரம் பார்த்துக்கொண்டால் சிறு தொகை தருகிறோம் என்பார்கள். எச்-4இல் வேலை அனுமதி இல்லாதவர்கள் இவற்றை மரியாதையாக மறுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

மத்திய அரசு நிலத்தில் வேலை என்றால் ஓ.எஃப்.-301ஏ என்ற தன்னார்வச் சேவை ஒப்பந்தப் படிவம் உண்டு. அதில் குடியுரிமை, நிரந்தரக் குடியிருப்பு பற்றிக் கேட்பார்கள். விசாவில் இருப்பவர்கள் நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். அன்று காலை படகுத் துறையில் நின்றுகொண்டு இதைப் பேச வேண்டாம்.

4. காகிதங்கள்

தனியாளாகப் போனால் அடையாள அட்டையும், பொறுப்பு விலக்குப் படிவமும், அவசரத் தொடர்பு எண்ணும் போதும். அந்தப் பொறுப்பு விலக்குப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு அடிபட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பது அதில்தான் இருக்கிறது. ஓ.எஃப்.-301ஏ ஒப்பந்தம் போட்டு மத்திய அரசு நிலத்தில் வேலை செய்யும்போது அடிபட்டால், மத்திய அரசு ஊழியருக்குரிய இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தனியார் அமைப்பின் நிகழ்ச்சியில் அப்படி இல்லை, உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடுதான். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துப்போவதென்றால் அவர்களுடைய பயணக் காப்பீடு எதையெல்லாம் ஏற்கும் என்று பார்த்துவிட்டு அழைத்துப்போங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். விஸ்கான்சின் சாலைத் துண்டில் 11 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இறக்கக் கூடாது. நம் ஆட்கள் குடும்பத்தோடு கிளம்புவார்கள், அதனால் இதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பூங்காவில், வாகனம் வராத இடத்தில் தனி வேலை கொடுக்கலாம்.

தமிழ்ச் சங்கமோ நண்பர் குழுவோ சேர்ந்து தத்தெடுப்பதென்றால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஒரு தொடர்பாளர் வேண்டும், அவர் அடுத்த இரண்டு ஆண்டும் ஊரில் இருப்பவராக இருக்கட்டும். வேலை மாறி டெக்சாஸ் போய்விடுபவர் பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குழுவின் பெயர் சாலையோரப் பலகையில் வரும், அதனால் அந்தப் பெயரைக் குழு ஒருமுறை கூடிப் பேசி முடிவு செய்யட்டும். விளம்பரமோ அரசியலோ தொனிக்கும் பெயர் தேறாது. பாதுகாப்புப் பயிற்சிக் காணொளியை எல்லோரும் பார்த்ததற்கான கையெழுத்துப் பட்டியலை ஒரு கோப்பில் வையுங்கள்.

நிகழ்ச்சி நடத்தத் திட்டமிட்டால், உதாரணமாக நகராட்சிப் பூங்காவில் கூரைக் கொட்டகை எடுத்துச் சாப்பாடு போட்டுப் பேச்சு வைப்பதென்றால், பல நகரங்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும். சங்கத்துக்குக் காப்பீடு இருந்தால் அந்த நகரத்தின் பெயரைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்த்துத் தரச்சொல்லி முகவரிடம் கேளுங்கள், சில நாள் எடுக்கும். சங்கம் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு என்பதற்கான 501(சி)(3) அங்கீகாரக் கடிதமும் வரி எண்ணும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

5. செலவு

அடாப்ட்-எ-ஹைவேயில் பையும் பளிச்சென்ற மேலங்கியும் துறை கொடுக்கும், நிரப்பிய பைகளை அவர்களே வந்து எடுத்துப்போவார்கள். உங்கள் செலவு என்பது கெட்டியான கையுறை, கணுக்கால் மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, உண்ணித் தடுப்பு மருந்து, பெட்ரோல், சாப்பாடு. மருத்துவப் பெட்டி ஒன்று குழுவுக்கு வாங்கி வைத்துவிடுங்கள்.

வரியில் என்ன கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். செலவழித்த நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. தகுதியுள்ள தொண்டு அமைப்புக்காகக் கார் ஓட்டினால் மைலுக்கு 14 சென்ட், அதுவும் 2025 வரி ஆண்டு வரை விலக்குகளை இனவாரியாகக் கணக்குக் காட்டுபவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. திருப்பித் தரப்படாத கைச்செலவுக்கும் அப்படியே, ரசீது வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் பொது விலக்கையே எடுத்துக்கொள்வதால் இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான பணம் வேறிடத்தில் இருக்கிறது, நம் ஆட்கள் அதைக் கவனிப்பதே இல்லை. பல நிறுவனங்கள் ஊழியர் தன்னார்வமாகச் செலவிட்ட மணி நேரத்துக்கு இவ்வளவு டாலர் என்று அந்தத் தொண்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்பும். சம்பளத்தோடு தன்னார்வ விடுப்பு தரும் நிறுவனங்களும் உண்டு. மனிதவளத் துறையின் உள்தளத்தில் தேடிப் பாருங்கள். மணிக்கணக்கை அன்றன்றே பதிவு செய்து, அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் உறுதி வாங்கிவிடுங்கள். ஆண்டு இறுதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் நிராகரித்துவிடுவார்கள்.

மணிக்கணக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். நதிச் சாலைக்கு மத்திய அரசின் சீனிக் பைவே நிதி, அதாவது காட்சிச் சாலைகளுக்கான நிதி, வரும்போது 80 சதவீதம் அவர்கள் தருவார்கள், மீதி 20 சதவீதத்தை உள்ளூரில் காட்ட வேண்டும். விதிகளுக்கு உட்பட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பையே அந்தப் பங்கின் ஒரு பகுதியாகக் காட்ட வழி உண்டு. 2024ஆம் ஆண்டுக்கு ஒரு தன்னார்வ மணி நேரத்தின் மதிப்பு 34.79 டாலர் என்று இண்டிபெண்டன்ட் செக்டார் அமைப்பு கணித்திருக்கிறது. நிதிக்கு எந்த விகிதத்தை ஏற்பார்கள் என்பது அந்தந்த வேலையைப் பொறுத்தது, ஆனால் தேதி, பெயர், வேலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கையெழுத்து இல்லாத மணிநேரம் எந்த விகிதத்திலும் சுழியம்தான். வருகைப் பட்டியல் எடுப்பவரைக் குழுவில் முதலில் நியமியுங்கள்.

மத்திய அரசு நிலங்களில் 250 மணி நேரம் சேர்ந்தால் தேசியப் பூங்காக்களுக்கான தன்னார்வலர் பாஸ் இலவசம். அதுவும் கணக்கு இருந்தால்தான்.

6. எந்த மாதம் எதற்கு

பனி உருகியதும், புல் வளர்ந்து மறைக்கும் முன்பும் குப்பை எடுப்பதுதான் சரி. மின்னசோட்டாவில் அது ஏப்ரல் பாதியிலிருந்து மே வரை. புல் வெட்டும் இயந்திரம் வந்துவிட்டால் ஒரு பிளாஸ்டிக் குவளை நூறு துண்டாகிவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. ஆனால் அதே ஏப்ரல்தான் மேல் மிசிசிப்பியில் வெள்ள மாதம், கரையோரச் சாலைகளில் சில துண்டுகள் மூழ்கும். தேதி குறிக்கும்போது ஒரு மாற்றுத் தேதியும் குறித்து, தேசிய வானிலைச் சேவையின் நதி நீர்மட்டப் பக்கத்தை முந்தைய வாரமே பாருங்கள்.

மே முதல் ஜூலை வரை உண்ணிக் காலம். மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் மான் உண்ணியால் லைம் நோய் வருகிறது. சாக்ஸுக்குள் காலாடையைச் செருகிக்கொள்ளுங்கள், வெளிர் நிறம் உடுத்துங்கள், வீடு திரும்பியதும் உடல் முழுதும் பாருங்கள். ஜூன், ஜூலையில் சாலையோரத்தில் மஞ்சள் குடை போலப் பூத்து நிற்கும் காட்டு பார்ஸ்னிப் செடியை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பி, தழும்பு பல மாதம் நிற்கும். மூன்று இலைக் கொத்தாக இருக்கும் பாய்சன் ஐவியை அடையாளம் காட்ட ஓர் அனுபவசாலி கூட இருக்க வேண்டும். தெற்கே, ஆர்கன்சா, மிசிசிப்பி, லூசியானா பக்கம் என்றால் கோடையில் வெயிலும் நெருப்பெறும்புகளும் பாம்புகளும், அங்கே குளிர் மாதங்களில்தான் வேலை.

செப்டம்பர், கிரேட் ரிவர் ரோடில் பயணிக்கும் மாதம் என்று பத்து மாநிலங்களும் கொண்டாடுகின்றன. விளக்க மையங்களில் ஆள் தேவை அப்போது அதிகம். விளம்பர வேலையில் ஆர்வமுள்ளவர்கள் ஜூன் மாதமே பேசிவிடுங்கள், செப்டம்பரில் போய் நின்றால் எல்லாம் அச்சாகியிருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை இலை நிறம் மாறும் வார இறுதிகளில் சாலையோரம் இறங்கவே வேண்டாம், ஓட்டுபவர்கள் எல்லோரும் குன்றைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். நவம்பரில் மான் வேட்டை, ஆரஞ்சு மேலங்கி இல்லாமல் காட்டோரம் போகாதீர்கள். குளிர்காலத்தில் நீர்ப்பூட்டு அணைகளுக்குக் கீழே உறையாத நீரைத் தேடி வெண்தலைக் கழுகுகள் கூடும், கழுகு பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்ட அப்போது ஆள் வேண்டும்.

7. சாலையில் இறங்கும் நாள்

எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். பாலத்தின் மீதும் சாலை நடுப்பகுதியிலும் போகாதீர்கள். பனிமூட்டம் வந்தால் கலைந்துவிடுங்கள். ஊசி, கார் பேட்டரி, மூடிய மர்மப் பாட்டில், ரசாயன வாடை வீசும் பை இவற்றை யாரும் தொடக் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு துறைக்கோ காவலுக்கோ சொல்லுங்கள்.

பழைய பொருள் கிடைத்தால்? கரையில் அம்பு முனையோ பானை ஓடோ தென்படுவது இங்கே அபூர்வமல்ல. டகோட்டா, ஓஜிப்வே, ஹோ-சங்க் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கரை இது. மத்திய அரசு நிலத்தில் அவற்றை அனுமதியில்லாமல் எடுப்பது சட்டத்துக்கு எதிரானது. இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுத்துத் தெரிவியுங்கள். அயோவாவின் எஃபிஜி மவுண்ட்ஸ் தேசிய நினைவிடத்தில் கரடி, பறவை வடிவ மண்மேடுகள் இருக்கின்றன, அவற்றின் மீது ஏறக் கூடாது. ரெட் விங்கில் உள்ள பார்ன் பிளஃப் குன்று டகோட்டா மக்களுக்குப் புனிதமானது, அவர்கள் அதை ஹே ம்னி சான் என்கிறார்கள். நம் ஊர்க் கோயில் மலைக்குக் கொடுக்கும் மரியாதையை அங்கேயும் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பை எண்ணிக்கையை அன்றே துறைக்கு அனுப்புங்கள். அதை விட்டுவிட்டால் நீங்கள் வேலையே செய்யவில்லை என்று பதிவாகி, துண்டு வேறு குழுவுக்குப் போகலாம்.

8. காட்சியைக் காப்பது கூட்ட அறையில்தான் நடக்கிறது

குப்பை அள்ளினால் சாலை சுத்தமாகும். ஆனால் குன்றின் மேல் ஒரு பெரிய விளம்பரப் பலகை எழுந்துவிட்டால் எத்தனை பை அள்ளினாலும் அந்தக் காட்சி திரும்பாது. இந்தச் சாலைக்கு மத்திய அரசு அங்கீகாரம் கிடைத்ததே காட்சி, இயற்கை, வரலாறு, பண்பாடு, தொல்லியல், பொழுதுபோக்கு என்ற ஆறு தகுதிகளை வைத்துத்தான். 2021 பிப்ரவரியில் பல மாநிலத் துண்டுகளுக்கு ஆல்-அமெரிக்கன் ரோடு என்ற உயர்ந்த அங்கீகாரமும் வந்தது. அதற்கு அந்த ஆறில் குறைந்தது இரண்டு வேண்டும். ஆனால் அங்கீகாரம் தானாக எதையும் தடுக்காது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்யும் கவுண்டி மண்டலக் குழுக் கூட்டத்தில் யாராவது எழுந்து பேசினால்தான் தடுக்கும். 2010களில் விஸ்கான்சின் குன்றுகளில் மணல் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று கவுண்டி கவுண்டியாகப் பேச்சு நடந்தது. அந்த அறைகளில் போய் நின்றவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள்தான்.

பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை, பொதுக் கருத்து நேரத்தில் அங்கே வசிக்கும் எவரும் பேசலாம். பேசும் நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடம் போலத்தான் கிடைக்கும். கூட்ட நிகழ்ச்சி நிரல் சில நாள் முன்னால்தான் வெளியாகும், அதனால் கவுண்டி மின்னஞ்சல் பட்டியலில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

போகும் முன் இரண்டு காகிதத்தைப் படியுங்கள். ஒன்று, அந்த மாநிலத் துண்டின் காரிடார் மேனேஜ்மென்ட் பிளான், அதாவது சாலையையும் சுற்றுப்புறத்தையும் பராமரிக்கும் திட்டம். எந்தக் காட்சியைக் காக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பக்க எண்ணோடு மேற்கோள் காட்டினால் உங்கள் மூன்று நிமிடத்துக்கு எடை கூடும். "அழகாக இருக்கிறது, கெடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் குறிப்பில் ஒரு வரியாகப் போய்விடும். இரண்டாவது, அந்த நிலத்தின் பத்திரம். விஸ்கான்சின் 1950களிலேயே இந்தச் சாலையோர நிலங்கள் பலவற்றில் காட்சி உரிமையை நில உடைமையாளர்களிடமிருந்து விலைக்கு வாங்கி வைத்தது. நிலம் அவர்களுடையது, ஆனால் பார்வையை மறைக்கும்படி கட்டவோ பலகை நடவோ கூடாது. கவுண்டிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது இருக்கும், நகலுக்குச் சில டாலர்தான். அந்த உரிமை உள்ள நிலம் என்றால் விவாதமே வேறு மாதிரி போகும். இல்லாத நிலம் என்றால் உடைமையாளரை முதலில் நேரில் போய்ப் பாருங்கள், கூட்டத்தில் எதிரியாகச் சந்திக்காதீர்கள். விவசாயக் குடும்பங்கள் பலருக்கு அந்தக் காட்சி மீது நம்மைவிடப் பாசம் அதிகம்.

விளம்பரப் பலகை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. சீனிக் பைவேயாக மாநிலம் அறிவித்த முக்கிய நெடுஞ்சாலைத் துண்டுகளில் புதிய விளம்பரப் பலகைக்கு மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. ஆனால் கடைக்காரர் தன் கடை வாசலில் தன் கடைக்கே வைக்கும் பலகைக்கு அந்தத் தடை பொருந்தாது, வணிகப் பகுதிகளைச் சில மாநிலங்கள் பைவேயிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. அதனால் பலகையைப் பார்த்ததும் புகார் எழுதாமல், அது எந்த வகை, அந்தத் துண்டு விலக்கப்பட்டதா என்று மாநிலத் துறையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒரு தவறான புகாருக்குப் பிறகு சரியான புகாரையும் யாரும் கவனமாகப் படிக்க மாட்டார்கள்.

9. மற்றவர்களுக்குச் சொல்வது

தமிழில் இந்தச் சாலைக்கு நல்ல பயணக் குறிப்புகள் வேண்டும். எழுதுங்கள், படம் போடுங்கள். டிரோன் மட்டும் கவனம்: தேசியப் பூங்காத் துறை நிலத்தில் 2014 முதல் தடை, வனவிலங்குப் புகலிடத்திலும் பறக்கவிடக் கூடாது. கழுகுக் கூட்டின் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள், கூட்டம் கூடினால் பறவை கூட்டை விட்டுப் போய்விடும். காரை நிறுத்த அனுமதியுள்ள காட்சி மேடைகளை மட்டும் குறிப்பிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் "இங்கே நிறுத்தினால் படம் அருமையாக வரும்" என்று நீங்கள் எழுதும் ஒரு வரியை நம்பி அடுத்த வாரம் பத்துக் கார்கள் அங்கே நிற்கும், பக்கத்தில் தண்டவாளம் இருக்கும். தனியார் நிலத்துப் பாதைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

தத்தெடுத்த துண்டின் ஒப்பந்தம் முடியும் தேதியை இப்போதே நாட்காட்டியில் மூன்று மாதம் முன்னதாகக் குறித்து வையுங்கள். புதுப்பிக்க நினைவூட்டல் வரும் என்று நம்பி இருக்க வேண்டாம், தொடர்பாளரின் மின்னஞ்சல் மாறியிருந்தால் அது வரவே வராது.